பத்து நானோ வினாடி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும் பெண்ணுக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. குறிப்பேட்டில் ஓர் எண்கூடப் பிசகியதில்லை. நான் அந்தக் கூடத்தின் தலைவன். முன்கோபி. என் கத்தலுக்கு அசராத ஒரே ஆள் அவள்தான்.

பன்னிரண்டாம் தேதி அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு மாதம் விடுப்பு கேட்டாள்.

“அடுத்த வாரம் அறிக்கை கொடுக்கணும்மா. வேலைக்கு வா, மனசு தானா மாறும்” என்றேன்.

பதினேழாம் தேதி வந்து நின்றாள். அழவில்லை. கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். ‘பரவாயில்லையே, சீக்கிரம் தேறிட்டா’ என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

கடுங்குளிரில் வைத்த குவாண்டம் சில்லு ஒன்றை நுண்ணலையால் தட்டி, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றுவது அவள் வேலை. பத்து நானோ வினாடி பிடித்தது. ஒரு வினாடியை நூறு கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோ வினாடி. அதுவும் எனக்குப் போதவில்லை; எட்டில் மாற்றச் சொல்லியிருந்தேன்.

நாலாம் நாள் போய்க் கேட்டேன். “எட்டுல மாறுச்சா?”

“மாறாது சார். நாம குடுக்கற சக்திக்குப் பத்துதான் குறைஞ்சபட்சம். அதுக்குக் கீழ இயற்கையே விடாது.”

“அப்ப சக்தியைக் கூட்டு! இதையெல்லாம் நான் வந்து சொல்லணுமா?”

“கூட்டினேன் சார். போக வேண்டிய எடத்துக்குப் போகாம, வேற ஏதோ நிலைக்கு எகிறிடுது. வெளிய பாத்தா மாறின மாதிரிதான் தெரியும்.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. எரிச்சலோடு குறிப்பேட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலு நாள் வேலை, நாலு பக்கம். எண்கள் எல்லாம் சுத்தம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி பன்னிரண்டு என்றே இருந்தது.

“தேதிகூட எழுதத் தெரியாதா? இன்னைக்கு இருபது!” என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் பன்னிரண்டு என்ன நாள் என்பது எனக்கு உறைத்தது.

அவள் சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். தேதியைத் திருத்துவதற்குப் பேனாவை எடுத்தாள். கை காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“விடும்மா, திருத்த வேண்டாம். அறிக்கையில பத்துன்னே போட்டுக்கறேன். நீ வீட்டுக்குப் போ. ஒரு மாசம் போதுமா?”

பேனாவை மூடி வைத்தாள்.

“தெரியல சார்” என்றாள். “இதுக்குக் குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு நான் அளந்ததில்ல.”