இருவர் போய் ஒருவர் திரும்புவது

கொக்கு என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சித்தி வீட்டு அடுக்களையில். சித்தியின் மகளைப் பெண் கேட்டு ஆள் வந்திருந்தது. "தண்ணி ஓரமா நாள் பூரா அசையாம நிப்பானே, போட்டோ ஸ்டுடியோக்காரன், அந்தக் கொக்குக்கா நம்ம பொண்ணு?" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "குடிகாரனுக்குக் கொக்கு தேவலாம்" என்றாள் சித்தி. கல்யாணம் முடிந்தது.

வாரம் ஆறு நாள் நீலத் திரைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்துப் பாஸ்போர்ட் படம் எடுப்பார். ஞாயிறானால் ஏரியில் பறவைப் படம். நாணலுக்குள் செந்நாரைக் கூட்டுக்கு எதிரே, ஒருவர் குந்துமளவுக்குத் துணிக்கூடாரம் போட்டிருந்தார். ஆள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டால் நாரை கூட்டுக்குத் திரும்பாது. இருவர் போய் ஒருவர் வெளியே வந்தால், ஆள் போய்விட்டதென்று நம்பிவிடும். அந்த ஒருவர் சித்தி மகள், என் தங்கைதான். மதியம் அவள் வந்து கூப்பிடும் வரை அவர் தலைகாட்டக் கூடாது. காட்டினால் பறவை அந்தக் கூடாரத்தை மறுபடி நம்பாது.

"பறவைக்கு எண்ணத் தெரியாதாம்க்கா" என்று சிரிப்பாள். "ஜோடியா கூட்டிட்டுப் போயி ஒத்தையா தொரத்தி விடுறாரு. இருபது வருஷமா இதுதான் எங்க குடித்தனம்."

அந்த ஞாயிறு எழுந்ததிலிருந்தே அவளுக்குத் தோள்பட்டை வலி. "வாயுவா இருக்கும்" என்று கூடவே போனாள். அவரை உள்ளே விட்டுத் திரும்பி நடந்தாள். சற்று நேரத்தில் பறவைகள் குபீரென்று எழும்பின. பின்பக்கம் ஏதோ விழுந்த சத்தம், ஒரு முனகல். நாயாக இருக்கும் என்று நினைத்தாராம். அதற்குள் தாய் நாரை திரும்பிவந்து, குஞ்சுக்கு வெயில் படாமல் இறக்கையை விரித்து நின்றது. மூன்று வருஷமாகக் காத்திருந்த படம். அவர் துணியை விலக்கவில்லை.

மதியம் அவள் வரவில்லை. "எங்க நின்னு கதை பேசுறாளோ" என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு மூன்று மணி வரை குந்தியிருந்தார். பசி தாங்காமல் வெளியே வந்தால், நாற்பதடி தள்ளி நாணலுக்குள் கிடக்கிறாள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள், அவளுடைய அண்ணன் கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா மாப்பிள்ளை?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கேமராவை எடுத்து வந்து காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒன்பது இருபது என்று நேரம் இருந்தது.

"கேட்டுச்சு மச்சான். இதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி. வெளிய வந்தா பறவை போயிடுமேன்னு இருந்துட்டேன்."

எழுந்து போன அண்ணன் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நல்ல படம்தான், பாழாய்ப்போன படம். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டு இரண்டு முறை வந்தார், கொடுக்கவில்லை.

கொக்கு இப்போது ஸ்டுடியோவுக்கு மேலே உள்ள அறையில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறது.