வாணாம் வேறு, வேண்டா வேறு

ஒரு பெயரின் அர்த்தம் தேய்ந்து, கூப்பிட மட்டும் உதவும் சத்தமாக ஆகிவிட்ட பிறகு, அந்த அர்த்தத்தைத் தோண்டியெடுத்து அந்தப் பெயருக்கு உரியவள் கையிலேயே கொடுப்பது உதவியா, அவமதிப்பா? வேண்டா என்ற பெண்ணைத் தெரிந்தவர்களில் ஏசுதாஸ் ஒருவருக்குத்தான் இது கேள்வியாகவாவது பட்டது. விடை அவருக்கும் கிடைக்கவில்லை.

ஏசுதாஸ் செங்கல்பட்டுக்காரர். வெளிநாட்டுக் கத்தோலிக்க உதவி நிறுவனம் ஒன்று தொண்ணூறுகளின் நடுவில் கடலோரக் குப்பங்களில் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது களப்பணியாளராகச் சேர்ந்தார். திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மாத்திரை கொடுக்க உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. எட்டாவது வரை படித்திருந்த வேண்டாவை அவர்தான் தேடிப் பிடித்தார். பிடித்த வாரத்திலேயே வருந்தவும் தொடங்கினார்.

அவள் நாலாவது பெண். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று அப்படிப் பெயர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் குப்பத்தில் எதையாவது மறுப்பவர்கள் 'வாணாம்' என்பார்களே தவிர, 'வேண்டா' என்று சொல்வதில்லை. அதனால் அவள் பெயரில் யார் காதுக்கும் மறுப்பு கேட்டதில்லை. அவள் காதுக்கும்தான்.

ஊருக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் பெயரல்ல, வாய். நோயாளி மாத்திரையை விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். விழுங்கியதும், "நாக்கத் தூக்கு" என்பாள். அடியில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்புகிறவர்கள் நிறைய.

"இன்னாமே, நான் இன்னா சந்தை மாடா? வாயப் பொளந்து பாக்குற?" என்று கத்தினான் படகுக்காரன் கண்ணாயிரம்.

"மாடுன்னா ஒரே மடக்குல முழுங்கிக்கும். தூக்கு."

"கிறிஸ்தவ வேதத்துல சேக்கத்தான இந்த மாத்திரை? உள்ள இன்னா வச்சிகீறாங்களோ!"

"உன்ன சேத்துகினா வேதம் நாறிப்பூடும். தூக்கு நாக்க."

கண்ணாயிரத்துக்கு நோய் குணமானது. அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. குணமான வேறு யாரும் அவளிடம் நன்றி சொன்னதாக ஏசுதாஸ் கேள்விப்படவில்லை. கொஞ்சம் பார்த்துப் பேசச் சொல்லி அவர் புத்தி சொன்னபோது, "நீ வேணா வந்து சிரிச்சிகினே குடு சார்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. நிறுவனம் வருடத்துக்கு ஒருவரைப் பெங்களூருக்கு ஓராண்டு சுகாதாரப் பயிற்சிக்கு அனுப்பும். குப்பத்தில் அதற்குப் 'பெலோசிப்பு' என்று பெயர். முடித்து வந்தால் நிரந்தர வேலை. அக்காள் பூவாயியின் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அக்காள் புருஷனின் முணுமுணுப்பைத் தின்று வளர்ந்தவளுக்கு வெளியேற வேறு வாசல் இல்லை.

ஆளை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. தொண்ணூற்றெட்டில் குரியாக்கோஸ் என்ற அதிகாரி அதற்காக வந்தார். கேரளத்துக்காரர், தமிழை ஒரு மாதிரி சமாளிப்பார்; குப்பத்து ஆட்களின் பெயர் எதுவும் தெரியாது. மீன் ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. வேட்பாளர் எதிரில் இருக்கக் கூடாதென்று வேண்டாவை அழைத்துக்கொண்டு ஏசுதாஸ் தள்ளி நின்றார்.

"இந்த ஊரிலிருந்து யாரை அனுப்பலாம்?"

"வேண்டா!" என்று முதலில் எழுந்தவன் கண்ணாயிரம். பக்கத்திலிருந்தவனிடம், "ஒரு வருசம் நாக்க உள்ள வச்சிகினு நிம்மதியா கெடக்கலாம்டா" என்றான். கொட்டகை சிரித்தது. ஆண்களும் பெண்களும் கைதூக்கிக் கத்தினார்கள். "வேண்டா! வேண்டா!" அவளைத் துரத்தும் விஷயத்தில் அந்த ஊர் அன்று ஒற்றுமையாக இருந்தது.

குரியாக்கோஸின் முகம் சுருங்கியது. கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பெலோசிப்பு திருப்போரூர்ப் பக்கத்துச் சுஜாதா என்ற பெண்ணுக்குப் போனதாகத் தெரிந்தது. வேண்டா செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வந்து, யாரையும் கேட்காமல் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே ஓடினார் ஏசுதாஸ்.

"ஊரே என் பேரச் சொல்லுச்சே சார். அப்புறம் இன்னா?"

"மோளே, எல்லாரும் வேண்டா, வேண்டா என்றல்லவா சொன்னது? நான் காதால் கேட்டேன்."

"ஐயோ, அதான் சார் என் பேரு!"

"பேரா?" குரியாக்கோஸ் ஏசுதாஸைப் பார்த்தார். அவர் ஆமென்று தலையாட்டினார். "வேண்டா என்று ஒரு பேரா? எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தானே! யார் வைத்தது?"

"எங்கப்பன். நாலாவதும் பொண்ணுன்னு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "கர்த்தாவே! பிறந்ததும் உன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களா?"

சண்டைக்கு வந்தவளின் குரல் முதல்முறையாக இறங்கியதை ஏசுதாஸ் கேட்டார்.

"வாணாம்னு யாரு சொன்னா?" என்றாள். "பேரு சார் அது. வெறும் பேரு."

அவளுக்காகப் பெலோசிப்பில் இன்னொரு இடம் உண்டாக்கப்பட்டது. அவளுடைய வேலைக்காக அல்ல, கதைக்காக. நிறுவனத்தின் ஆண்டு மலரில் அவள் படத்தைப் போட்டு, 'வேண்டாதவள் வேண்டியவளானாள்' என்று தலைப்பிட்டார்கள். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வெளிநாட்டு விருந்தினர்கள் முன்னால் அவளை மேடையேற்றி, அவள் பெயருக்குக் குரியாக்கோஸ் அர்த்தம் சொன்னார். முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியொரு பெயரோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

வேண்டா, மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்ற ஏசுதாஸிடம் திரும்பினாள். "அந்தம்மாவ நாக்கத் தூக்கச் சொல்லு சார். எதையோ உள்ள ஒதுக்கி வச்சிகினு பேசுது."

"நன்றி சொல்கிறாள்" என்று மொழிபெயர்த்தார் ஏசுதாஸ்.

பெங்களூரில் வருடத்தை முடித்து வந்தாள். வேலை கிடைத்தது. அக்காள் வீட்டை விட்டாள். கல்பாக்கம் குடியிருப்புக்கு வேன் ஓட்டிய தீனதயாளனைக் கட்டிக்கொண்டாள். வாய் குறையவில்லை. முன்பு ஒரு குப்பத்துக்கு, இப்போது ஏழு குப்பங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் முன்னேற்றம்.

இரண்டாயிரத்து மூன்றில் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். ஆரஞ்சுப் பையும் கேமராவுமாகக் குரியாக்கோஸ் வந்தார், கூடவே ஏசுதாஸ். "ஆஷா என்று வை மோளே. உன் கதை அங்கே முழுமையாகும்" என்றார் அதிகாரி. மாமியார் ராஜம் தன் பங்குக்குச் சங்கரி என்ற பெயரோடு காத்திருந்தாள்.

நர்ஸ் வந்து, குழந்தைக்குப் பெயர் முடிவு பண்ணியாச்சா என்று கேட்டாள்.

"வேண்டா" என்றாள் வேண்டா.

"இப்ப வேணாமா? சரி, அப்புறமா சொல்லு."

"பேரே அதாம்மா. வேண்டா. எழுதிக்க."

"அடிப்பாவி, புத்தி கெட்டுப்பூட்ச்சா?" ராஜம் கட்டிலைத் தட்டினாள். "மொதப் பொண்ணுடி இது! ஆரு வாணாம்னா? தாய் பேர மவளுக்கு எவளாவது வப்பாளா? டேய் தீனா, கேக்குறியாடா?"

தீனதயாளன் ஆரஞ்சுப் பையை எடுத்து ஓரமாக வைத்தான். குரியாக்கோஸ் கேமராவை உறைக்குள் போட்டு மூடினார். வேண்டா குழந்தையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, மாத்திரை கொடுக்கும் இடத்தில் வைத்து ஏசுதாஸ் கேட்டுப் பார்த்தார். "ஏம்மா அந்தப் பேரு?"

"வெறும் பேரு சார்" என்றாள் வேண்டா. பிறகு எதிரே உட்கார்ந்திருந்த கிழவரிடம் திரும்பி, "நாக்கத் தூக்கு" என்றாள்.