பற்றவைக்காத மெழுகுதிரி

ஜெர்மன் பேசும் வின்டர்தூர் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் தரை துடைப்பவர் மன்னார்க் கிளமென்ற். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, கதவு திறக்குமுன் ஏழு அறைகளையும் முடித்துவிடுவார். ஐந்தாம் அறையில் மட்டும், முந்நூறாண்டு கண்ட ஒல்லாந்து ஓவியம் ஒன்றின்முன் அவர் துடைப்பம் தானாக நின்றுவிடும். மண்டையோடு, ஓய்ந்துபோன மணிக்கூடு, பாதி தோலுரித்த எலுமிச்சை, சற்றுமுன் அணைந்து புகை சுருளும் மெழுகுதிரி. செல்வமும் சுவையும் காலமும் கழிந்தே தீரும் என்பதை ஓவியன் ஒரே மேசையில் பரப்பியிருந்தான். கிளமென்றுக்குப் பொருள் விளக்க எவரும் வேண்டியிருக்கவில்லை. கோயிற் சிலுவையின் அடியில் செதுக்கிய மண்டையோட்டைக் கண்டு வளர்ந்த கத்தோலிக்கர்.

“வைரவருக்குக் கும்பிடு போட்டாச்சோ, அண்ணை?” என்று உடன் வேலைசெய்யும் தவராஜா படத்து மண்டையோட்டைக் காட்டி நக்கலடிப்பான்.

“ஓமடா. உன்ர முகத்துக்குப் பின்னாலயும் உதுதான் கிடக்கு. கண்ணாடி பாக்கேக்க கும்பிட்டுக்கொள்.”

1996இல் அவர் தாயார் மன்னாரில் காலமானார். தம் அகதி வழக்கு முடியாமையால் இவர் போக இயலவில்லை. நவம்பர் இரண்டு, இறந்தோர் நினைவுநாள். அன்று தாயின் கல்லறையில் திரி கொளுத்தாதவன் என்ன பிள்ளை? கல்லறையோ கடலுக்கப்பால்.

அந்த ஆண்டு அந்நாள் காலை அவர் ஒரு மெழுகுதிரியை அந்த ஓவியத்தின் கீழே தரையில் நிறுத்தி, பற்றவைக்காமலே முழந்தாளிட்டார். அங்கே நெருப்பு ஆகாது என்பதை அறிவார். படத்துத் திரியும் அணைந்துதானே இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

வாசலில் மேற்பார்வையாளர் றோஸ்மரி அம்மையார் நின்றார், முகம் வெளிறியிருந்தது. குனிந்து திரியை எடுத்து, நுனியை விரலால் தடவினார். நூல் கருகாமல் வெள்ளையாகவே இருந்தது. யாருக்கு என்று வினவினார்.

உடைந்த ஜெர்மனில், “அம்மாவுக்கு” என்றார் கிளமென்ற்.

இங்கே கூடாது என்று கூறித் திரியைத் திருப்பிக் கொடுத்த அம்மையார், நகரக் கல்லறைத்தோட்டத்தில் பலர்க்கும் பொதுவான கல்லறை ஒன்று உண்டு, எவரும் அங்கே விளக்கேற்றலாம் என்றார்.

வேலை முடிந்து கிளமென்ற் அங்கே புறப்பட, தவராஜாவும் கூடவே நடந்தான்.

“நீ ஏன் வாறாய்? நீ சைவமெல்லோ?”

“காத்துக்குச் சமயம் தெரியுமோ? காத்தை ஆராவது மறைக்கோணும். நீங்கள் கொளுத்துங்கோ.”

பொதுக் கல்லறையின்முன் அவன் தன் ஜாக்கெட்டை விரித்து நின்றான். பற்றிய சுடரைக் காற்று உடனே அணைத்தது. படத்தில் கண்ட அதே புகை சுருண்டெழுந்தது. ஓவியன் தன் புகையை முந்நூறாண்டு நிறுத்தி வைத்திருந்தான்; இதுவோ கண்முன்னே கலைந்து போயிற்று.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இன்னொருக்காக் கொளுத்துங்கோ, அண்ணை.”

கிளமென்ற் மீண்டும் தீக்குச்சியை உரசினார்.