மேல் வீட்டுக் காலடிச் சத்தம்

எனக்கு எட்டு வயதில் நாங்கள் ஒஸ்லோவின் பணக்காரப் பகுதியான ஃப்ரோக்னரில் குடியிருந்தோம். சொன்னால் சனம் வாயைப் பிளந்திருக்கும். சொல்லத்தான் முடியாது.

அது இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டிய பெரிய கட்டிடம். கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கத்தைக் கேட்காமல் யாரையும் அங்கே குடிவைக்கக் கூடாது. அப்பாவின் முதலாளி கேட்காமலேயே தன் வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குப் போயிருந்தார். தெரிந்தால் வீடு போய்விடும். "மெல்ல நட பிள்ளை, கீழை கேக்கும்" என்பதுதான் அந்த வருடம் அம்மா என்னோடு அதிகம் கதைத்தது. யாராவது கேட்டால், அப்பா படி துடைக்க வந்தவர் என்று சொல்ல வேண்டும்.

கீழ் வீட்டு மூதாட்டி ஒருநாள் லிப்டில் கேட்டார். சொன்னேன். அதை நம்பியவர் குனிந்து ஒரு ரகசியம் சொன்னார். தன் தலைக்கு மேலே இருப்பது ஆளில்லாத வீடாம். சிறுவயதில் அவர் அங்கேதான் வளர்ந்தாராம். யுத்தகாலத்தில் அவருடைய தங்கை அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனாளாம். இப்போது திரும்பி வந்துவிட்டாளாம். பின்னேரங்களில் வெறுங்காலோடு நடக்கிறாளாம். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

பின்னேரங்களில் அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். அன்றிலிருந்து நான் நடந்தால் அவளும் நடந்தாள், நின்றால் நின்றாள். அவள் சத்தத்தைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு கெட்டிக்காரி. அறையின் உயரமான கதவு தானாகத் திறந்துகொள்ளும். குளியலறைக்குப் போகவும் பயந்து, அம்மா வேலையால் வரும்வரை கட்டிலில் ஒடுங்கிக் கிடப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தாங்காமல் அம்மாவிடம் சொல்லி அழுதேன். சங்கத்துக்குப் பயந்த அம்மா பேய்க்கு இன்னும் பயந்தவர்.

"செத்த பிள்ளையோ? இந்த வீட்டிலையோ?"

வேறொன்றும் விசாரிக்கவில்லை. தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு அறை அறையாகப் புகை காட்டினார். புகை கதவிடுக்கால் படிக்கட்டுக்குப் போனது. நெருப்பென்று அயலவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். அம்மா திறந்தார்.

சங்கத் தலைவர் நெருப்பை மறந்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். அடுத்த மாதம் நாங்கள் ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லெஸ்ட்ரோமில் இருந்தோம். வீடு போனாலும் பேயிடமிருந்து தப்பிவிட்டோம் என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

கதவைத் திறந்தபோது வந்து நின்றவர்களில் அந்த மூதாட்டியும் இருந்தார். என் வெறுங்கால்களையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கிப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்தார். சாம்பிராணிப் புகை பழக்கமில்லாதவர், பாவம், கண் எரிகிறதாக்கும் என்று நினைத்தேன்.