நெற்றி வெறுமையாய் நின்ற அம்மன்

ஜேர்மனியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் பாஷை தேவையில்லை என்று சொன்ன ஆட்கள் நான் துடைத்த இடத்தைக் கண்டதில்லை. உங்களிலும் பலர் ஆஸ்பத்திரி, வங்கி, பள்ளிக்கூடம் என்று துடைத்திருப்பீர்கள். எனக்குக் கிடைத்ததோ, கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில், பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ வேதமான பைபிள் படிப்பிக்கிற பகுதி. பழைய வேதத்தில் கடவுளுக்கு இருக்கிற பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று துருவுவதுதான் அங்கே தொழில். என் வீட்டுக்காரருக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை. எனக்கு வந்ததும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும். அது போனால் கைக்குழந்தையோடு ஹைம் என்கிற அகதிகள் விடுதியின் ஒற்றை அறைதான் கதி.

பலகையில் நாலு எழுத்து

முதல் கிழமையே வகுப்பறைக் கரும்பலகையில் நாலு எபிரேய எழுத்துப் பெரிதாக இருந்தது. என்னோடு துடைக்கிற ராணி அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். எனக்கு முன்னமே வந்து ஜேர்மன் பாஷை பழகியவர். "அது கடவுளின்ரை பேர், பிள்ளை" என்றார். நான் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டேன். சாமி பெயரைத் துடைக்கிறதோ? கிழமை முழுக்கப் பலகை அப்படியே கிடந்தது.

கடைசியில், பலகை ஏன் துடைபடவில்லை என்று அங்கே படிப்பிக்கிற பேராசிரியரே தேடி வந்தார். யூதர்கள் அந்தப் பெயரை எழுதுவார்களாம், வாயால் சொல்ல மாட்டார்களாம். வாசிக்கும்போது 'ஆண்டவர்' என்று மாற்றிச் சொல்லிச் சொல்லி, உண்மையான உச்சரிப்பே மறந்துபோயிற்றாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானுந்தான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதில்லை. அதற்காக மறந்தா போனேன்? ராணி அக்கா இதை அப்படியே ஜேர்மனில் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கணவர் பெயரை நீங்கள் மறக்காமல் வைத்திருங்கள். பலகையை மட்டும் தயவுசெய்து துடையுங்கள்!"

இரண்டு பேர் ஒருவரானது

பேராசிரியர் கதவைத் திறந்து வைத்துத்தான் படிப்பிப்பார். நாங்கள் வெளியே நடையைத் துடைப்போம். ராணி அக்கா காதில் விழுகிறதை எனக்குச் சொல்லுவார். அன்றைக்கு ஏல் என்ற கடவுளின் கதை. கானான் நாட்டுப் பெரியவர், மற்றக் கடவுள்களுக்கெல்லாம் தலைவர். யாவே என்று இவர்கள் ஊகித்துச் சொல்கிற அந்த நாலு எழுத்துக்காரர் வேறு ஆள், தெற்கே பாலைவனப் பக்கத்திலிருந்து வந்தவராக இருக்கலாமாம். பிறகு சனங்கள் இருவரையும் ஒருவராக்கி, மற்றவர்களை மெல்ல மெல்லத் தள்ளிவிட்டு, இவர் ஒருவரே கடவுள் என்றார்களாம்.

கந்தனும் வேலனும் முருகனும் ஒருவர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நான் துடைத்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் ராணி அக்கா துடைப்பத் தடியைப் பிடித்தபடி விறைத்துப்போய் நிற்கிறார். "எடி பிள்ளை, இவங்கள் படிக்க வந்த பெடியளைப் பாதிரிச் சுவாமியாராக்கி அனுப்புறாங்களோ, இல்லாட்டி வேதத்தை விட்டே கலைக்கிறாங்களோ?"

வெள்ளிக்கிழமை

பேராசிரியரின் அறை அலுமாரியில் ஒரு மண் பொம்மை இருந்தது. ஒரு பெண், கீழே தூண் மாதிரி, மேலே இரண்டு கையாலும் மார்பைத் தாங்கிக்கொண்டு. யாரென்று கேட்டோம். அஷேரா என்ற பெண் தெய்வமாக இருக்கலாம் என்றார். பாலைவனத்தில் கிடைத்த பழைய எழுத்தில் யாவேயின் பெயரோடு அவள் பெயரும் சேர்ந்து வருகிறதாம். மனைவி என்று சிலர் சொல்கிறார்களாம். ஒரே கடவுள் என்று ஆன பிறகு அவளைக் கோயிலிலிருந்து எடுத்து எறிந்துவிட்டார்களாம். ராணி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அதைவிட அதிர்ச்சி. மனிசியை வெளியே போட்டுவிட்டுத் தனியே இருக்கிறாரோ இந்த மனுசன்!

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அறையை நான் தனியே துடைத்தேன். அவளைத் தூக்கித் தூசி தட்டினால் நெற்றி வெறுமையாக இருக்கிறது. மனம் கேட்கவில்லை. வேலை முடிந்து முகம் கழுவினால் வைக்க என்று கைப்பையில் குங்குமச் சிமிழ் வைத்திருப்பேன். ஒரே ஒரு பொட்டு, சின்னதாய். திங்கட்கிழமை காலை பேராசிரியரின் செயலாளர் அம்மாவின் குரல் கட்டிடம் முழுக்கக் கேட்டது. "இந்தச் சிலைக்கு இரத்தம் பூசியது யார்?"

விசாரணை

அது கடையில் வாங்கிய பொம்மை இல்லை, ஆயிரக்கணக்கான வருசம் மண்ணுக்குள் கிடந்த நிசமான சிலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பழைய மண் குங்குமத்தைக் குடித்துவிட்டது. செயலாளர் அம்மா துடைக்கத் துடைக்க நெற்றி முழுக்கப் பரவியது. என் நெற்றிப் பொட்டைக் கண்டதும், என்னை உடனே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஏன் செய்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டார்.

"அக்கா, சொல்லுங்கோ. புருசன் உயிரோடை இருக்கேக்கை நெத்தி வெறுமையா இருக்கக் கூடாதெண்டு."

"கடவுளுக்கு மனிசி எண்டு என்ரை வாயாலை சொல்ல ஏலாது!"

"சொல்லாட்டி என்ரை வேலை போகுது, அக்கா."

ராணி அக்கா கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் ஜேர்மனில் சொல்லி முடித்தார். பேராசிரியர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகச் செயலாளர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கடவுள் உயிரோடு இருக்கிறார் என்று இந்த அறையில் இவ்வளவு உறுதியாக ஒருவரும் சொன்னதில்லை. இவர் வேலையில் இருக்கட்டும். அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்குங்கள்."

கடவுளைச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிற ஆட்களின் அறையைத் துடைக்கப் போகிறவர்கள், பக்தியை வாளியோடு சேர்த்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கோ.