சத்தமில்லாத பெட்டி

கோபம் வந்தால் எனக்குப் பசிக்காது. அந்த வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டது இரண்டு வேளைதான். எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியால் வந்த வினை.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்து வீடு வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில், நடுக் காம்பராவில் நானும் அப்பாவும் இருக்கிறோம். காம்பரா என்றால் ஒரே அறை, முன்னால் ஸ்தோப்பு என்று சின்னத் திண்ணை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே இருமுவோம். இங்கே ஏதாவது கேட்டால் அங்கிருந்து பதில் வரும். கட்டிய வெள்ளைக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த எந்தத் தோட்டத் துரைக்கும் அந்த ஒரு முழத்தை அடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பதுளையில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்காகக் கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ எல்லாம் வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுக்கிறேன். கொழும்புக்குப் போய் வேலை செய்யலாம்தான். அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவது? அறையின் ஒரு பக்கம் என் மேசையும் கம்ப்யூட்டரும். மறுபக்கம், அந்த அரைகுறைச் சுவரை ஒட்டி, அப்பாவின் கட்டில்.

பழைய கேசிங், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்கள் எல்லாம் உட்காரும் பெட்டி, மிகச் சின்னது. வேலை கூடியதும் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அதற்குள் திணித்தேன். பக்கவாட்டு மூடி பொருந்தவில்லை. சணல் கயிற்றால் கட்டி வைத்தேன். உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், இருந்த குட்டி ஃபேன் இரண்டும் வெறி பிடித்த மாதிரி சுற்றின. மாவு மில்லுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது போல இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

அப்படி மாட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் முற்பகலில்தான் அப்பா தண்ணி கேட்டிருக்கிறார். எத்தனை தடவை கூப்பிட்டாரோ தெரியாது. அவருக்கு நெஞ்சு பலவீனம், குரல் எழும்பாது. எனக்குக் கேட்கவில்லை. அவரே எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்து, வாசற்படியில் விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நெஞ்சு இருக்கிற நிலைமையில் ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எட்டு மாதமாகக் கட்டில்தான். எப்போது கேட்டாலும் "வலியெல்லாம் ஒன்னுமில்ல பாப்பா" என்பார். நானும் நம்பினேன்.

அதனால்தான் எனக்குச் சத்தமில்லாத பெட்டி வேண்டியிருந்தது. அவர் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை. அதற்குக் காசு சேரத்தான் இத்தனை மாதம் ஆனது.

பதுளையில் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே கூத்து. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக லைட். திருவிழாவுக்கு ஜோடித்த சப்பரம் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒரு கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். "ரிமோட்ல கலர் மாத்தலாம் மிஸ்" என்றார், பெருமையாக.

"முன்னால கண்ணாடிய வச்சு அடைச்சா காத்து எது வழியா உள்ள போகும்?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் விரலளவு இடுக்கு ஒன்றைக் காட்டினார். "இதால போகும்."

"அதால எறும்பு போகும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து உள்ளே அளந்தேன். என் கார்டு பன்னிரண்டு அங்குலம். அந்தப் பெட்டிக்குள் இருந்ததோ பதினொன்றரை. ஹார்ட் டிஸ்க் வைக்க ஒரே ஒரு தட்டு, எனக்கோ நான்கு வேண்டும். கண்ணாடிக்கும் லைட்டுக்கும் கொட்டிய காசில் ஒரு நல்ல பெரிய ஃபேன் போட்டிருக்கலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும், சத்தமும் இருக்காது. இதைச் சொன்னால் கடைக்காரர்கள் என்னை ஏதோ சண்டைக்கு வந்தவளைப் போலப் பார்க்கிறார்கள். அமைதியாக இருப்பதைக் கேட்டால் இந்த ஊரில் விலை இரண்டு மடங்கு. கையில் இருந்த காசுக்குக் கூச்சல் மட்டும்தான் கிடைக்கும் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது.

கடைசிக் கடையில் இருந்த வயசான முதலாளிதான் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு ஆபீஸில் பழைய மெஷின்களைக் கழிக்கிறார்கள், அதில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று வரும், வந்தால் போன் பண்ணுகிறேன் என்றார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் போன் வந்தது. எங்கள் லயத்தில் ஸ்தோப்பில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அடுத்த ஸ்தோப்பில் பக்கத்துக் காம்பரா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுத்துக் களைத்துப் பென்ஷன் வாங்கிய பொம்பளை. நான் வெளியே போகும் நாட்களில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

ஆட்கள் மத்தியில் என்றால் நானும் கேசிங் என்றுதான் சொல்வேன். அப்பா அதைப் பெட்டி என்பார். வீட்டில் அந்தப் பேச்சே ஓடி ஓடி என் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நான் கேசிங் என்று சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. நான் பேசியது இதுதான்:

"பெட்டி வந்துருச்சுங்களா? நீளம் பாத்தீங்களா? பத்தாம போயிறக் கூடாது, நான் அளந்து பாத்துட்டுத்தான் எடுப்பேன். கண்ணாடியெல்லாம் வேணாங்க, சாதாரண மூடி போதும். லைட்டும் வேணாம், யாருக்குக் காட்டப் போறோம்? உள்ள நல்லா தாராளமா இருக்கணும். வெலைய கொஞ்சம் பாத்துப் போடுங்க. சரிங்க, இன்னைக்கே வந்து எடுத்துக்கிறேன். இனியும் இழுத்துக்கிட்டு இருக்க முடியாது."

போனை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவசரமாகப் படியிறங்கினேன். "அக்கா, பதுளைக்குப் போய் பெட்டிய எடுத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்கங்க" என்றேன்.

அக்கா சுளகை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ முகச்சுளிப்பு, வந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து ஓடினேன்.

பெட்டி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கறுப்பு இரும்பு. கதவுகளின் உட்புறம் சத்தத்தை உறிஞ்சத் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டியிருந்தது. முன்பக்கம் முழுக்க வலை. டேப்பை நீட்டிப் பார்த்தேன், பதினைந்து அங்குலம். முதலாளி உள்ளங்கையைவிடப் பெரிய ஃபேன் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் காலடியில் வைத்து, ஹல்துமுல்லையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வழியில் ஒரு பணிஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.

லயத்துக்கு வந்தால் எங்கள் ஸ்தோப்பு நிறைய ஆட்கள்.  ஆட்டோ நிற்கும் முன்னமே இறங்கி உள்ளே ஓடினேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நன்றாகத்தான் இருந்தார். அவர் காலடியில் வெலிமடையிலிருந்து வந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கச்சி, லீக்ஸும் கேரட்டும் நிறைந்த உரப்பையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் எழுந்தாள். "எங்கண்ணன் உசுரோட இருக்கையிலேயே பெட்டிக்குச் சொல்லிட்டியாடி? அதுவும் வெல கொறைஞ்சதா பாத்து?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஆட்டோக்காரர் பெட்ஷீட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நடு அறையில் வைத்தார். எல்லாரும் அதையே பார்த்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

"இதுல எங்கண்ணன் காலு கூட கொள்ளாதே" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் சொன்னார்: "எனக்குன்னா எம்மக இதவிட பெருசாத்தான் எடுத்திருப்பா."

ஸ்தோப்பில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அரை நாளாக ஒரு மனுஷனை அவருடைய சவப்பெட்டிக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறார்கள். அவருக்கு எல்லாம் சுவர் வழியாகக் கேட்டிருக்கும். நேராகப் பக்கத்து வாசலுக்குப் போனேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? அத்தைக்கு யாரு போன் பண்ணச் சொன்னா?"

அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நீ பேசுனதத்தான் நான் கேட்டேன். பெட்டின்னு நீதான் சொன்ன."

"ஒட்டுக் கேக்குறதே பொழப்பாப் போச்சு."

"ஒட்டெல்லாம் கேக்கல. தானா வந்து விழுகுது. எனக்கு எல்லாம் கேக்குது. ஒனக்குத்தான் ஒன்னும் கேக்கல."

"என்ன கேக்கல எனக்கு?"

அவள் என் தோளுக்கு மேலாக எங்கள் காம்பரா வாசலைப் பார்த்தாள். பிறகு "போ, போய் ஒன் வேலையப் பாரு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். மானங்கெட்ட பேச்சு என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். இனி அவள் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அத்தை கடைசி பஸ்ஸுக்குப் போனாள். லீக்ஸ் பையை விட்டுவிட்டுப் போனாள், நான் தொடவில்லை.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கழற்றிப் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். கார்டு இடிக்காமல் உட்கார்ந்தது. ஹார்ட் டிஸ்க் நான்கும் தனித்தனித் தட்டில். வயர்களைப் பின்பக்கமாக ஓட்டிக் கட்டினேன். மூடி இரண்டும் சணல் கயிறு இல்லாமல் பொருந்தின. சுவிட்சைப் போட்டேன். வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையை முன்னால் வைத்துப் பார்த்தேன். காற்று போய்க்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இனி அது தேவையில்லை. ஒரு பண்டாரவளைக் கல்யாணத்தைத் திறந்து வேலையில் உட்கார்ந்தேன். தூரத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யாரோ பெயர் கூப்பிடுவது கூடக் கேட்டது. அப்பாவின் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகத் தூங்குகிறார் என்று எண்ணினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் அலைந்து, பேச்சு வாங்கி, கடைசியில் நினைத்ததைச் செய்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சுவருக்கு மேலிருந்து அக்காவின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை.

"அண்ணே, இன்னைக்கு முனகலே காணோமே. ஒடம்பு நல்லா இருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தூங்கவில்லை. முகம் துடைக்கிற துவாயின் முனையைச் சுருட்டி வாய்க்குள் வைத்து இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. கண் ஓரம் நனைந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் துவாயை மெதுவாக எடுத்தார்.

"நல்லா இருக்கேன் தங்கச்சி" என்றார் சுவரைப் பார்த்து. பிறகு என்னிடம், "பாப்பா, அந்தப் பழைய பெட்டியையே திருப்பிப் போட்டுக்கிறியா?"

"ஏன்ப்பா?"

"அது கத்துறப்ப நானும் கொஞ்சம் முனகிக்குவேன். ஒனக்குக் கேக்காது."

எட்டு மாதம். கைக்கெட்டும் தூரத்தில் நான் மேளச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, யார் யாருடைய கல்யாணத்தையோ அழகாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். கேட்டதனால்தான் பெட்டி என்றதும் அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்திருக்கிறது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. திட்டுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

எழுந்து போய் அவர் கையிலிருந்த துவாயைப் பிடுங்கினேன்.

"முனகுங்கப்பா" என்றேன். "எனக்குக் கேக்குற மாதிரி முனகுங்க."

கோபமாகத்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.