அண்ணையின் காரில் கழற்றிய ஸ்பிரிங்

அந்தக் காரைப் போல ஒரு சனியனை என் வாழ்நாளில் நான் கட்டி அழுததில்லை. எனக்கு முன்னே மூன்று பேர் ஓட்டிக் களைத்துவிட்ட வண்டி. எத்தனை மைல் ஓடியதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்; மைல் காட்டும் முள் நான் வாங்குவதற்கு முன்னமே செத்துப்போயிற்று. வட்டுக்கோட்டையிலிருந்து பட்டினத்துக்கு வாடகைக்கு ஆள் ஏற்றி ஓடுவேன். பின்பக்கத்து ஸ்பிரிங் தகடுகளில் பாதி தேய்ந்து, இரண்டு உடைந்து கிடந்தன. அவற்றைத் தாங்கும் பின் ஆணிகளும் பித்தளைப் புஷ் வளையங்களும் தேய்ந்து, விழப்போகும் பல்லுப் போல ஆடின. கல் ரோட்டில் ஏறினால் பின்சீற்றில் இருப்பவரின் தலை கூரையில் முட்டும். "மோனை, என்னை இறக்கிவிடு, நான் நடந்தே போறன்" என்று பாதி வழியில் இறங்கிப் போன பெரியவர் ஒருவரும் உண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைத் துரத்திப் பிடித்துத் திரும்பவும் ஏற்றியிருப்பேன்.

அதோடு ஓடிக்கொண்டு இருந்திருப்பேன், மனைவி பிள்ளைத்தாச்சியாக இல்லாவிட்டால். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவளும் போகப் பார்த்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் பேறு என்று டாக்குத்தர் முதலே சொல்லிவிட்டார். "ஆனா வாற வழியிலை குலுக்கக் கூடாது. குலுக்கினா தாய்க்கும் நான் பொறுப்பில்லை, பிள்ளைக்கும் பொறுப்பில்லை." சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே நின்ற என் காரை ஒருதரம் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அது உலகச் சண்டைக் காலம். கார்ச் சாமான் கேட்டால் பட்டினத்துக் கடைக்காரருக்கு ஒரே ஒரு மறுமொழிதான்: "கப்பல் வரட்டும்." எந்தக் கப்பல்? எப்போது வரும்? அது அவர்களுக்கும் தெரியாது, கப்பலுக்கும் தெரியாது. காங்கேசன்துறை வரை போனேன், பருத்தித்துறை வரை போனேன். போய் வந்ததில் இன்னொரு தகடு உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஊர்க் கொல்லரிடம் சொல்லி மாட்டு வண்டித் தகட்டை அடித்து வளைத்துப் போட்டேன். ரோட்டின் முதல் மதகுப் பாலத்தைத் தாண்ட முன்னம் 'டக்' என்றது. கொண்டுபோய்க் காட்டினால் அந்த மனுசன், "உம்மடை ஓட்டம் அப்பிடி" என்றார். கோதாரி விழுவான்! அன்றைக்கு என் வாயில் வந்த மற்றச் சொற்களை இங்கே எழுத முடியாது.

எனக்கு வேண்டிய சாமான் எங்கே இருந்ததென்று கேட்கிறீர்களா? என் வேலிக்கு அந்தப் பக்கம்.

அண்ணையும் நானும் ஒரே ஆளிடம் ஒரே மாதிரி இரண்டு கார்கள் வாங்கியவர்கள். என்னுடையது ஓடித் தேய்ந்தது. அவருடையது கோயிலுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் போய்வந்து, ஒரு நாள் எஞ்சின் வெடித்து, கொட்டிலுக்குள் கல்லில் ஏற்றப்பட்டு நின்றது. உள்ளே கோழிகள் அடைகாத்தன. கீழே ஸ்பிரிங், பின், புஷ் எல்லாம் புத்தம் புதிதுபோல இருந்தன. ஆனால் அண்ணைக்கும் எனக்கும் மூன்று வருடமாகக் கதைபேச்சு இல்லை. வேலி அடைக்கும்போது ஒரு கிளுவங் கதியால் தடியை என் வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். நட்டது சரியான இடத்தில் என்று அவர் சொன்னார். ஒரு சாண் மண்! அதில் ஒரு கத்தரிக் கன்று கூட வளராது. ஆனாலும் அவரிடம் போய்க் கேட்பதை விட அந்தக் காருக்குக் கீழே படுத்துச் சாகலாம் என்று இருந்தேன்.

"கேளுங்கோவன்" என்று மனைவி சொன்னாள். "கேக்கமாட்டன்" என்றேன். "அப்ப நான் கேக்கிறன்" என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டாள். திரும்பி வந்தவளின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என் அண்ணையை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள்.

"அத்தான் தாறாராம். ஆனா தானும் நிண்டுதான் பூட்டுவாராம். உங்களை நம்பி விடமாட்டாராம்."

கார்த்திகை மாதம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. கழற்றிய சாமான்களைச் சாக்கில் சுமந்துகொண்டு அண்ணை காலையில் என் முற்றத்துக்கு வந்தார். மூன்று வருடத்துக்குப் பின் அவர் கால் என் மண்ணில் பட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் கோபக்காரர் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்வதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு ஆள் வேண்டும். காரைத் தூக்கும் ஜக்கை நான் பலகையில் வைத்தவுடனே அந்த வேலை என் மனைவிக்கு வந்தது.

"பிள்ளை, உன்ரை மனுசனிட்டைச் சொல்லு, ஜக்குக்குக் கீழை இருக்கிற பலகையை இன்னும் உள்ளுக்குத் தள்ளச் சொல்லி. மண் இளகிக் கிடக்கு."

"உங்கடை அத்தானிட்டைச் சொல்லும், ஜக் வைக்க எனக்குத் தெரியுமெண்டு."

அவர் சொன்னது சரிதான். அது தெரிந்ததால்தான் எனக்கு ஆத்திரம். பெயருக்கு ஒரு விரற்கடை தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

வலப்பக்கம் முடிய மத்தியானம் ஆயிற்று. துருப்பிடித்த பழைய பின் ஆணி அசையாமல் உயிரை வாங்கியது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் அடித்து, அடித்த அடி பெருவிரலில் விழுந்து, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "சுத்தியலை நேரை பிடிக்கச் சொல்லு பிள்ளை" என்றார் அண்ணை. மனைவி முதலில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு முறைத்துச் சொன்னாள். பிறகு, "நான் என்ன தபால்காரனோ? ரெண்டு பேருக்கும் காது இருக்குத்தானே. என்னவும் செய்யுங்கோ" என்று எழுந்து, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இடப்பக்கத்தைப் பூட்டினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை நன்றாகவே நடந்தது. அவர் கை நீட்டினால் எந்த நட்டுச் சாவி வேண்டுமென்று எனக்குத் தெரிந்தது. ஒரு பின் ஆணி மட்டும் மிச்சம். தகட்டின் துளையும் கார்ச் சட்டத்தின் துளையும் நேருக்கு வரவேண்டும். அண்ணை கீழே படுத்து, நேருக்கு வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு விரல்களைத் துளைக்குள் விட்டார். அப்போதுதான் கண்டேன்: பலகையின் ஒரு பக்கம் செம்மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜக் மெல்லச் சரிந்தது.

"அண்ணை, கையை எடு." மூன்றே சொல். அவர் தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினேன்:

"இஞ்சாரும்! அத்தானைக் கையை எடுக்கச் சொல்லும்!"

கார் இறங்கியது.

அண்ணை கத்தவில்லை. ஒரு மூச்சு மட்டும் வந்தது. பதறிப்போய் ஜக்கை நிமிர்த்தி உயர்த்தினேன். அவர் கையை வெளியே எடுத்தபோது இரண்டு விரல்களிலும் நுனி இல்லை. மனைவி ஓடி வந்து, கண்டு, தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள். அண்ணை எழுந்து உட்கார்ந்து, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்ல உனக்கு வாயில்லையாடா?"

நான் நின்றேன். வாய் இருந்ததே, அதுதானே கொடுமை.

"நிண்டு பாக்காதை. அந்தப் பின்னை அடி. இல்லாட்டி என்னை என்னத்திலை கொண்டுபோவாய்?"

அடித்தேன். நட்டு இரண்டு தரம் நழுவி மண்ணில் விழுந்தது. கழற்றி வைத்த கார்ச் சில்லைப் பூட்டி, அவரைத் தாங்கிக் கூட்டிவந்து முன்சீற்றுக் கதவைத் திறந்தேன். அவர் ஏறவில்லை. பின் கதவைத் தானே திறந்து பின்சீற்றில் போய் இருந்தார். என் பக்கத்தில் இருக்க மனமில்லையாக்கும் என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வது, நான் செய்த வேலைக்கு?

ஆஸ்பத்திரி வரை அந்தப் பாழாய்ப்போன கல் ரோட்டில் ஓட்டினேன். மழையில் பள்ளமெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்தேன். மதகில் ஏறி இறங்கினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மயங்கிவிட்டாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சீற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிய துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"தூக்கிப்போடேல்லை" என்றார் அண்ணை. "மதகிலை கூடத் தூக்கிப்போடேல்லை. இனிப் பயமில்லாமல் அவளை இதிலை ஏத்து."